புகைப் பரிசோதனையில் தோற்ற ஸ்போர்ட்ஸ் கார்!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1984-ம் ஆண்டு முதல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை உண்டு. தேறாத காரின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. ஆசையாக வாங்கிய கார் வீட்டிலேயே நிற்கவேண்டியதுதான்!

1990-ம் ஆண்டு மாடல் "மாஸ்டா மியாட்டா" ஒன்று தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருவர் மட்டும் உட்காரும் கார் அது. காரை உருளைகள் மீது ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகத்தில் ஓட்டி, புகையை அளந்திருப்பார்கள்.

கோளாறு எங்கே? அளவுச் சீட்டே துப்புச் சொல்லும்.

கார்பன் மோனாக்சைடு அதிகமா? பெட்ரோல் கூடுதலாகவும், காற்று குறைவாகவும் போகிறது. ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கவேண்டும். எரியாத பெட்ரோல் வருகிறதா? ஸ்பார்க் பிளக், அதன் ஒயர் மீது சந்தேகம். நைட்ரஜன் ஆக்சைடா? என்ஜினுக்குள் சூடு மிஞ்சிவிட்டது.

மூன்றுமே அதிகமா? "கேட்டலிடிக் கன்வர்ட்டர்" கெட்டிருக்கலாம். புகையில் உள்ள நஞ்சை முறிக்கும் பெட்டி அது. விலையோ அதிகம்! அவசரப்பட்டு மாற்றிவிடக் கூடாது. சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வேலை செய்யும். ஆறிப்போன காரைக் கொண்டுபோனால், நல்ல பெட்டியும் தோற்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் போனால் தேறிவிடும் கார்களும் உண்டு.

பிளக் கோளாறைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டியை மாட்டினாலோ, எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து, அதுவும் உருகிப்போகும்.