நீட் கைகொடுக்கவில்லையா? பயாலஜி படிப்பின் இன்னொரு பாதை!

ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ரிசல்ட் மாதம் பதற்றமான மாதம்தான். நீட் மதிப்பெண் கொஞ்சம் குறைந்துவிட்டால் போதும், ‘இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்பலாமா, இல்லை ஏதாவது ஒரு பி.எஸ்சி.யில் சேர்த்துவிடலாமா?’ என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். இதில் சிக்கல் பி.எஸ்சி.யில் இல்லை, ‘ஏதாவது’ என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தால் மூன்று வருடமும் வீணாகப் போகலாம். திட்டமிட்டுப் படித்தால் அதே மூன்று வருடம் ஆராய்ச்சிக்கூடம் வரை கொண்டுபோகும்.

டாக்டர் ஆக வேண்டியவர்!

பசுமைப் புரட்சியின் தந்தை எம்.எஸ்.சுவாமிநாதன் 1925-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். அப்பா அறுவை சிகிச்சை நிபுணர் என்பதால், மகனும் மருத்துவம் படிக்க வேண்டும் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு. அவர் திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கினார். 1943-ல் வங்காளத்தை உலுக்கிய பஞ்சம் அவர் மனதை மாற்ற, கோவை வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். 1952-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவருக்கு முன்பே ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கோவையில் கரும்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் அவர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் கதை இன்னும் சுவாரஸ்யம். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடியும் மாணவராகி உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை ஆராய்ந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றார்.

பி.எஸ்சி.: அஸ்திவாரம் போடும் காலம்

தாவரவியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி எனப் பெயர்கள் பல. ‘பயோடெக் என்றால்தான் வேலை’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், மேற்படிப்புக்கான பல நுழைவுத்தேர்வுகளை இதில் எதைப் படித்தவரும் எழுதலாம். எனவே, பாடத்தின் பெயரைவிட கல்லூரியின் லேப் முக்கியம். சேரும் முன் ஒரு முறை நேரில் போய், மைக்ரோஸ்கோப்பை மாணவர்கள் கையில் கொடுக்கிறார்களா, தூரத்தில் நிற்கவைத்துக் காட்டுகிறார்களா என்று சீனியர்களிடம் விசாரித்துவிடுங்கள்.

‘தவளையை அறுக்கணுமே’ என்று தயங்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி. கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லி 2014-லேயே யுஜிசி அறிவித்துவிட்டது.

செலவை நினைத்தும் மலைக்க வேண்டியதில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

ப்ளஸ் டூ முடித்ததும் ஐந்து வருடப் படிப்பாகச் சேர விரும்பினால் ஐசர் நிறுவனங்கள் இருக்கின்றன. திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு ஊர்களில் பி.எஸ்., எம்.எஸ். இரண்டையும் சேர்த்தே படிக்கலாம். இதற்கான ஐஏடி நுழைவுத்தேர்வில் கணக்குக் கேள்விகளும் உண்டு. ப்ளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும்.

இரண்டாம் வருடத்திலேயே யோசியுங்கள்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மூன்றாம் வருடம் கடைசி செமஸ்டர் முடிந்த பிறகு ‘அடுத்து என்ன?’ என்று கேட்டால் நேரம் கடந்திருக்கும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர உதவும் ஜாம் தேர்வு பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். அதன் பயோடெக்னாலஜி தாளில் ப்ளஸ் டூ அளவு கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கும் வரும். ஆகவே, பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் இடம் கிடைத்தால், விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேபில் உதவித்தொகையோடு வேலை பார்க்கலாம். ஆராய்ச்சி நமக்குச் சரிப்படுமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

எம்.எஸ்சி.: கடலுக்கும் போகலாம், காட்டுக்கும் போகலாம்

பி.எஸ்சி.யில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தவர்கள், எம்.எஸ்சி.யில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் படிக்கிறார்கள். கடல் உயிரினங்கள் பிடிக்கும் என்றால், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வனவிலங்குகள் என்றால் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. மரபணு, செல் என்று போக நினைப்பவர்களுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள் இருக்கின்றன.

இந்த இரண்டு வருடத்தில் முக்கியம் புராஜெக்ட். ஒரு பரிசோதனை நான்கு முறை சொதப்பி ஐந்தாவது முறை சரியாக வரும்போதுதான் நிஜமான பயாலஜி புரியும். கூடவே புள்ளியியலும் கொஞ்சம் கம்ப்யூட்டர் புரோகிராமிங்கும் கற்றுக்கொள்வது நல்லது. இன்றைய மரபணு ஆய்வில் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான்.

நீட் போய் நெட்!

எம்.எஸ்சி. முடிப்பவர்கள் எழுதவேண்டிய முக்கியமான தேர்வு சிஎஸ்ஐஆர் நெட். உயிர் அறிவியல் தாளுக்கு மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். ஜே.ஆர்.எஃப். தகுதி கிடைத்து பிஹெச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. பெங்களூரு என்சிபிஎஸ் போன்ற இடங்களில் பி.எஸ்சி. முடித்தவுடனேயே ஒருங்கிணைந்த பிஹெச்.டி.யில் சேரவும் வழி உண்டு.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் படிப்பவர்கள் முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதிவைத்துப் பழகினால், கடைசியில் அவஸ்தை இருக்காது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது

வெறும் பி.எஸ்சி. பட்டத்துக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைப்பது கஷ்டம்தான். பிஹெச்.டி. வரை போனால் பள்ளி முடித்து பத்து வருடம் ஆகலாம். ‘சித்தப்பா பையன் இன்ஜினீயரிங் முடித்து சம்பாதிக்கிறான்’ என்ற ஒப்பீடு அந்தப் பத்து வருடத்தில் பலமுறை வரும். அதைத் தாங்கும் பொறுமை பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் வேண்டும்.

பிஹெச்.டி. வேண்டாம் என்றாலும் வழி அடைபடாது. எம்.எஸ்சி.யுடன் பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் வென்றால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆகலாம். நெட் அல்லது செட் தேர்ச்சி இருந்தால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மருந்து, உணவு நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு லேப்களிலும் வேலை உண்டு.

இந்த வருடம் ரிசல்ட் பார்த்து முடித்ததும், கோச்சிங் சென்டருக்கு போன் போடுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உனக்குப் பிடித்தது டாக்டர் வேலையா, பயாலஜியா?’ பதில் இரண்டாவது என்றால், இன்னொரு வருடம் காத்திருக்கத் தேவையே இல்லை.