சதவீதம் சொல்லாத வலிமை: மாற்றுத்திறனாளிகளின் துடுப்புப் படகுப் போட்டி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த பெருமாட்டிப் பகுதி வாடிக்கையாளர்களுக்கு நீரின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூலத்தறையிலிருந்து பிரியும் கால்வாய்களில் தண்ணீர் எப்போது வரும் என்பதைப் பொறுத்தே இங்கு நெல்லும் தென்னையும் கணக்கிடப்படுகின்றன. பயிர்க்கடனைத் திருப்பிச் செலுத்தும் காலமும் அதையொட்டியே அமைகிறது. பாசனமும் குடிநீருமாகவே நீரை அறிந்த நமக்கு, படகுப் போட்டி என்றதும் ஆலப்புழையின் சுண்டன் வள்ளங்களே நினைவுக்கு வரும். 1952இல் தொடங்கிய நேரு கோப்பைப் போட்டியில் ஒரே வள்ளத்தில் ஏறத்தாழ நூறு பேர் ஒரே தாளத்தில் துடுப்புப் போடுவதைப் பலரும் கண்டிருப்போம்.

இக்கட்டுரையில் நாம் விளக்க விரும்பும் போட்டி அதனின்றும் முற்றிலும் வேறானது. ஒரு படகில் ஒருவர் மட்டுமே இருப்பார். அவருடைய கால்கள் இயங்காமல் இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். கடக்க வேண்டிய தூரம் 200 மீட்டர். ஒரு நிமிடத்தை ஒட்டி எல்லாம் முடிந்துவிடும். 'பாரா கனூ' என்பது அதன் பெயர்.

வங்கி இதழில் இந்த விளையாட்டுக்கு என்ன இடம் என்று வாசகர்கள் வினவக்கூடும். கிளைக்கு வரும் மாற்றுத்திறனாளி வாடிக்கையாளர்களின் தனித்துவ அடையாள அட்டையை நாம் அடிக்கடி பார்க்கிறோம். 40 விழுக்காட்டுக்குக் குறைந்த குறைபாட்டுக்கு வெள்ளை, அதற்கு மேல் மஞ்சள், 80 விழுக்காடும் அதற்கு மேலும் நீலம் என அட்டையின் வண்ணப் பட்டை வேறுபடும். ஓய்வூதியம், சலுகை, இட ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு அந்த எண் தேவைதான். ஆனால் ஒருவர் எதை இழந்தார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எதைச் செய்ய வல்லவர் என்பதைச் சொல்வதில்லை. இந்த இரண்டாவது கேள்வியையே முதன்மையாகக் கொண்டு அமைந்தது பாரா கனூ. வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள ஒவ்வொரு குடும்பமும் இதை அறிந்திருப்பது நன்று.

இரு வகைப் படகுகள்

இப்போட்டியில் இரண்டு விதமான படகுகள் பயன்படுகின்றன. முதலாவது கயாக். இதில் அமர்ந்திருப்பவர் இரு முனைகளிலும் அலகு கொண்ட துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறி நீரை வலிப்பார். படகின் நீளம் 520 சென்டிமீட்டருக்கு மேற்படக்கூடாது. அகலம் 50 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. எடை 12 கிலோவுக்குக் குறையக்கூடாது. அகலத்துக்கு இந்தக் கீழ்வரம்பு இருப்பதால் படகு எளிதில் கவிழாது.

இரண்டாவது வாஆ. பசிபிக் தீவுகளில் வாழும் பாலினேசிய மக்கள் தங்கள் படகுக்கு இட்ட பெயர் இது. படகின் ஒரு பக்கத்தில் இரு கம்புகளை நீட்டி, அவற்றின் முனையில் ஒரு மிதவையைப் பிணைத்திருப்பார்கள். இலங்கையின் தென்மேற்குக் கடற்கரையில் மீனவர்கள் ஓட்டும் 'ஒருவ' என்னும் பக்கமிதவைப் படகைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். வாஆவில் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டுமே அலகு உண்டு. திசை திருப்பச் சுக்கான் கிடையாது. ஒரே பக்கத்தில் வலிக்கும்போது படகு மறுபக்கம் திரும்ப முற்படும். அதைத் துடுப்பாலேயே சரிசெய்துகொண்டு நேர்கோட்டில் செல்ல வேண்டும். ஆகவே வலிமைக்கு இணையாக இதில் நுட்பமும் தேவைப்படுகிறது.

கையால் வலிக்கும் படகில் காலுக்கு என்ன வேலை?

துடுப்பைப் பிடித்திருப்பது கைதானே, கால் இயங்காவிட்டால் என்ன குறை என்று தோன்றலாம். கயாக் ஓட்டுபவர் வலப்புறம் வலிக்கும்போது வலக்காலால் படகினுள் உள்ள மிதிபலகையை உதைக்கிறார். அந்த உதை இடுப்பைத் திருப்புகிறது. இடுப்பு முதுகைத் திருப்புகிறது. முதுகின் பெரிய தசைகளே துடுப்புக்கு விசை தருகின்றன. கை அந்த விசையைக் கடத்தும் கருவி போன்றது. கால் இயங்காதவருக்கு இச்சங்கிலியின் முதல் கண்ணி இல்லை. இடுப்புக்கு மேலுள்ள நடுவுடலையும் கட்டுப்படுத்த இயலாதவருக்கு இரண்டாம் கண்ணியும் இல்லை. அவர் தோளையும் கையையும் மட்டுமே நம்பி வலிக்க வேண்டும்.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது இருக்கை. நடுவுடல் நிற்காதவருக்கு உயரமான முதுகுச் சாய்வும் மார்பைத் தாங்கும் பட்டையும் பொருத்தப்படுகின்றன. கால் இல்லாதவருக்கு இடுப்பு நழுவாதபடி இருக்கை அவருடைய உடலளவுக்கே வார்க்கப்படுகிறது. படகு கவிழ்ந்தால் அந்த நொடியே விடுபடும்படி பட்டைகள் அமைந்திருக்க வேண்டும். தண்டுவடக் காயமுற்றவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. கீழுடலில் உணர்ச்சி இல்லாததால் இருக்கை அழுத்திப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. எனவே மெத்தையைத் தேர்வதும், பயிற்சிக்குப் பின் தோலைப் பார்வையிடுவதும் அன்றாடக் கடமைகள்.

வகைப்பாடு எவ்வாறு நடைபெறுகிறது?

இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவரையும், மார்புக்குக் கீழ் உணர்ச்சியே இல்லாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அது போட்டியாகாது. எனவே வீரர்கள் வகை பிரிக்கப்படுகிறார்கள். கயாக் வகைகள் கே.எல். 1, 2, 3 என்றும் வாஆ வகைகள் வி.எல். 1, 2, 3 என்றும் குறிக்கப்படும். எண் குறைந்தால் இயக்கம் குறைவு என்று பொருள். கே.எல். 1 வகையினருக்கு நடுவுடலின் இயக்கம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும்; கால்கள் இயங்கா. கே.எல். 2 வகையினர் நிமிர்ந்து அமர வல்லவர்கள். கால்களின் பயன் குறைவு. கே.எல். 3 வகையினர் நடுவுடலை முன்னே வளைத்து அமர்ந்து, குறைந்தது ஒரு காலையோ செயற்கைக் காலையோ பயன்படுத்த வல்லவர்கள்.

கயாக் வகைப்பாட்டில் நடுவுடல் சோதனை, கால் சோதனை, நீரில் படகோட்டிக் காட்டும் சோதனை என மூன்று நிலைகள் உள்ளன. மருத்துவ அறிவுடையவரும் விளையாட்டு நுட்பம் அறிந்தவரும் இணைந்து மதிப்பிடுகிறார்கள். மருத்துவமனைச் சான்றிதழின் விழுக்காடு இங்கு வகையைத் தீர்மானிப்பதில்லை. படகில் அமர்ந்த நிலையில் உடலின் எப்பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதே கணக்கில் கொள்ளப்படுகிறது.

இதற்குச் சிறந்த சான்று ஆஸ்திரேலியாவின் கர்ட்டிஸ் மெக்ராத். படைவீரரான அவர் 2012இல் ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்தார். நான்கே ஆண்டுகளில், 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். டோக்கியோவிலும் பாரிஸிலும் அதே கயாக் பிரிவில் மீண்டும் தங்கம் பெற்றார். அவர் கயாக்கில் இரண்டாம் வகை. வாஆவில் மூன்றாம் வகை. உடல் ஒன்றே, குறைபாடும் ஒன்றே. ஆயினும் படகு மாறும்போது காலின் பங்கு மாறுகிறது, அதனால் வகையும் மாறுகிறது. ஒரே எண்ணில் ஒரு மனிதரின் திறனை அடக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

ஓர் எல்லையையும் இங்கே குறிப்பிட வேண்டும். இவ்விளையாட்டின் வகைகள் கால், நடுவுடல் குறைபாடு உடையோருக்காக அமைந்தவை. கையில் மட்டும் குறைபாடு உடையோருக்கும் பார்வைக் குறைபாடு உடையோருக்கும் வேறு பாரா விளையாட்டுகள் பொருந்தும்.

பாராலிம்பிக்கில் இடம்பெற்ற வரலாறு

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுகளில் பாரா கனூ இளையவற்றுள் ஒன்று. 2010இல் போலந்தின் போஸ்னான் நகரில் நடந்த உலகப் போட்டியில் அது இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேச பாராலிம்பிக் குழு அதை ஏற்றுக்கொண்டது. 2016 ரியோவில் ஆறு கயாக் போட்டிகள் மட்டும் நடந்தன. 2021இல் நடைபெற்ற டோக்கியோ 2020 பாராலிம்பிக்கில் வாஆவும் சேர்ந்து ஒன்பதாயின. 2024 பாரிஸில் பத்தாயின.

போபாலில் இருந்து டோக்கியோவுக்கு

இந்தியாவில் இவ்விளையாட்டுக்கு முகவரி தந்தது கடலோர மாநிலம் எதுவுமன்று; கடலே இல்லாத மத்தியப் பிரதேசம். குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ் இடுப்புக்குக் கீழ் இயக்கம் குன்றியவர். முதலில் நீச்சல் வீராங்கனையாக இருந்த அவர், நீச்சல் பயிற்சியாளரின் ஆலோசனையால் துடுப்பைக் கையில் எடுத்து, போபால் ஏரியில் பயிற்சி பெற்றார். டோக்கியோவில் பாராலிம்பிக் பாரா கனூவில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவரே. வி.எல். 2 பிரிவில் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்று எட்டாமிடம் பெற்றார்.

அப்போட்டியில் தங்கம் வென்ற பிரிட்டனின் எம்மா விக்ஸ் ஏறத்தாழ 57 விநாடிகளில் கடந்த தூரத்தைப் பிராச்சி 1 நிமிடம் 7 விநாடிகளில் கடந்தார். இருவரும் ஒரே வகையினர். ஆகவே இடையிலிருந்த பத்து விநாடிகளுக்கு உடற்குறையைக் காரணம் சொல்ல வழியில்லை. பயிற்சியாலும் நுட்பத்தாலும் குறைக்கக்கூடிய இடைவெளி அது. வகைப்பாட்டின் பயனே இதுதான். தோல்விக்கான காரணத்தை மாற்றக்கூடிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் பிராச்சி, கே.எல். 2 பிரிவில் 55 விநாடிகளுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் தங்கம் வென்றார், வி.எல். 2 பிரிவில் வெள்ளி பெற்றார். அவருடைய கணவர் மனீஷ் கௌரவும் அங்கே ஆடவர் கே.எல். 3 பிரிவில் வெண்கலம் வென்றார். அதே மாநிலத்தின் பிண்டு நகரைச் சேர்ந்த பூஜா ஓஜா 2022இல் கனடாவின் ஹாலிபாக்ஸ் உலகப் போட்டியில் வி.எல். 1 பிரிவில் வெள்ளி பெற்றவர். 2024 பாரிஸில் பிராச்சி, பூஜா, யஷ் குமார் என மூவர் இந்தியாவின் சார்பில் துடுப்புப் பிடித்தனர். பிராச்சி மீண்டும் இறுதிப் போட்டி வரை சென்றார்.

ஏரி இருந்தால் போதுமா?

பயிற்சிக்குக் கடலோ காயலோ கட்டாயமில்லை. அலையற்ற நீர் நேர்கோட்டில் 200 மீட்டர் இருந்தால் போதும் என்பதை போபால் காட்டுகிறது. அந்த அளவு நீர்ப்பரப்பு நம் எல்லைப் பகுதிக்குப் புதிதன்று. மலம்புழையிலும் இடுக்கியின் மாட்டுப்பட்டியிலும் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. நீரைவிட அரிதாயிருப்பவை, சக்கர நாற்காலி இறங்கத் தக்க சரிவுப் பாதை, உடலுக்கேற்ற இருக்கை, மீட்புப் படகு, பயிற்சியாளர் ஆகியவை. தனிக் குடும்பம் ஒன்றால் இவற்றைத் திரட்ட இயலாது. ஊராட்சியும் அரசும் சேர வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. அதன் 30ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் முழுமையாகப் பங்கேற்க வழிசெய்யும் பொறுப்பை அரசுக்கு அளிக்கிறது. விளையாட்டு வசதிகளை அவர்களுக்கேற்ப மாற்றியமைப்பதும் அப்பொறுப்பில் அடங்கும். 13ஆம் பிரிவு, தம் பண விவகாரங்களைத் தாமே நடத்தவும் வங்கிக் கடன் பெறவும் மற்றவருக்கு இணையான உரிமையை அவர்களுக்கு உறுதிசெய்கிறது.

வாடிக்கையாளர்கள் கவனத்துக்கு

ஆர்வமுள்ள இளைஞர் முதலில் தனித்துவ அடையாள அட்டையைப் பெற வேண்டும். அடுத்து மருத்துவரின் ஒப்புதலுடன் நீச்சல் பழகுவது நலம். பிராச்சியின் பாதையும் அங்கிருந்தே தொடங்கியது. உயிர்காப்பு உடையின்றியும் துணையின்றியும் எந்த நீர்நிலையிலும் இறங்கலாகாது. பாசனக் கால்வாயும் அணைக்கட்டின் மதகுப் பகுதியும் பயிற்சிக்கு உரிய இடங்களே அல்ல. இவ்விளையாட்டை நாட்டளவில் நடத்துவது இந்தியக் கயாக்கிங் மற்றும் கனூயிங் சங்கம். மாவட்ட விளையாட்டுக் கவுன்சில் வாயிலாக முறையான வழியை விசாரித்து அறியலாம்.

வங்கியின் தரப்பில் நாம் சொல்வது ஒன்றே. பதினெட்டு வயது நிறைந்த மாற்றுத்திறனாளிக்கு அவர் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். ஆதார் இணைப்பும் வாடிக்கையாளர் விவரமும் புதுப்பிக்கப்பட்டிருக்கட்டும். உதவித்தொகையோ பரிசுத்தொகையோ நேரடியாக அவரை வந்தடையும். கணக்கைத் தொடங்க வரும்போது உடன் வருபவர் வழிகாட்டலாம். கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் கையொப்பமிட வேண்டியவரும் கணக்குக்கு உரியவரே.