வீட்டுத் தளபாடத்திற்கு ஏற்ற மரம் எது?

நெல் அறுவடையும் மரக்கறி விற்பனையும் முடிந்து கையிற் பணம் சேருங்காலம், கட்டில், மேசை, அலுமாரி முதலியவற்றை வாங்கக் கமக்காரர் எண்ணுங்காலமாகும். ஒரு போகத்தின் உழைப்பு இவ்வாறு செலவாகின்றபடியால், மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டு மயங்காது, உள்ளிருக்கும் பொருளை ஆராய்ந்து வாங்குதல் வேண்டும்.

எல்ல, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வீட்டினுள்ளும் ஈரம் தங்கும். ஆடி, ஆவணி மாதங்களில் வரண்ட காற்று வீசும். மரம் ஈரத்திற் பருத்து வரட்சியிற் சுருங்கும் இயல்புடையது. ஆகவே, நன்கு உலராத மரத்தாற் செய்த தளபாடம் இங்கு விரைவில் வெடித்துப் பொருத்துக் கழன்றுவிடும்.

பலா: வைரம் மஞ்சள் நிறமானது, நாளடைவிற் கபில நிறமாகும். வைரத்தைக் கறையான் எளிதில் அரிக்காது. கட்டிலுக்கும் மேசைக்கும் சிறந்தது.

தேக்கு, மகோகனி: தேக்கில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு, வளைவதும் சுருங்குவதும் குறைவு. விலையோ அதிகம். மகோகனி இழைப்பதற்கு இலகுவானது, அலுமாரிக்கு ஏற்றது.

சவுக்கு: தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நாட்டப்பட்ட கிரெவில்லியா மரமே இது. அழகிய வரிகளையுடையது. எனினும் கறையானைத் தாங்காது. ஈரநிலத்திலும் சுவரோடு ஒட்டியும் வைத்தலாகாது.

இறப்பர் மரம்: மாப்பொருள் மிகுந்தமையால் வண்டும் பூஞ்சணமும் நாடும். போரக்ஸ், போரிக்கமிலம் கலந்த கரைசலை ஊட்டிச் சூளையில் உலர்த்திய பலகையையே கொள்க.

சிப்போட்: மரத்துகளைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்வது. மலிவானது, ஆயின் ஈரம் புகுந்தால் ஊதிவிடும். ஊதிய பலகையிற் திருகாணி பிடிக்காது.

பிளாஸ்டிக், இரும்பு: பிளாஸ்டிக் கதிரையைக் கழுவுதல் எளிது, தொடர்ந்து வெயிலில் விட்டால் நொறுங்கும். இரும்பிற் பூச்சு உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. மெருகிடாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறு துளைகளிலிருந்து மாப்போன்ற தூள் உதிருமாயின் வண்டு உண்டு.
2. வைரத்தைச் சுற்றிய வெளிர்நிறப் பகுதி மிகுந்த பலகையைத் தவிர்க்குக.
3. லாச்சியை இழுத்தும், மூலைகளை அசைத்தும் பொருத்துக்களைச் சோதிக்குக.
4. மரத்தின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்துக் கொள்க.

சொந்தத் தோட்டத்துப் பலாவை வெட்டித் தளபாடஞ் செய்ய விரும்புவோர், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி முன்னரே அனுமதி பெறல் வேண்டும். காய்க்கும் பலா, அரிசி குறைந்த காலத்திற் குடும்பத்தின் பசி தீர்ப்பது. அதனை வெட்டுமுன் இருமுறை சிந்திக்க. வெட்ட நேரின், அதற்கு முன்பே வேறொரு கன்றை நாட்டி வைக்க.

பாரந்தாங்கும் கட்டிலுக்கு வைரம் பாய்ந்த மரத்தையும், இலேசான பொருட்களுக்கு மலிவான மரத்தையும் தெரிந்து கொள்வீராயின் பணமும் மிஞ்சும், பொருளும் நிலைக்கும்.