இரைச்சல் என்று நினைத்த உயிர்

உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம் புல்லுக்கும் இல்லை, மரத்துக்கும் இல்லை. வெப்பக் கடல்களில் மிதக்கும் புரோகுளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்குத்தான். விட்டம் ஏறக்குறைய 0.6 மைக்ரோமீட்டர். தலைமுடியின் குறுக்கே நூறை வரிசையாக நிறுத்தலாம். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் லட்சம்கூட இருக்கும்.

இவ்வளவு இருந்தும் 1980-களின் நடுப்பகுதி வரை இது பிடிபடவில்லை. சாதாரண நுண்ணோக்கிக்கு அது மிகச் சிறியது, மிக மங்கலானது. மருத்துவ ஆய்வகங்களில் ரத்த அணுக்களைப் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியைக் கடல் ஆய்வாளர்களான ராபர்ட் ஓல்சன், சாலி சிஷோம் ஆகியோர் கப்பலில் ஏற்றினார்கள். லேசர் ஒளி பட்டதும் பச்சையம் உள்ள செல் சிவப்பாக ஒளிரும். கருவி அதை எண்ணிக்கொள்ளும். திரையின் ஓரத்தில் மங்கலான புள்ளிகள் வந்தன. மின்னணு இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் ஆழத்திலிருந்து எடுத்த நீரில் அதே புள்ளிகள் கூடுதலாகப் பளிச்சிட்டன. கருவியின் இரைச்சலுக்குக் கடலின் ஆழம் எப்படித் தெரியும்? வெளிச்சம் குறைந்த இடத்தில் வாழும் செல்கள் பச்சையத்தைக் கூட்டி வைத்திருந்தன. 1988-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது.

சத்து வறண்ட நடுக்கடலில் இது பெருகுவதற்குக் காரணம் சிக்கனம். சில வகைகளுக்குச் சுமார் 1,700 மரபணுக்கள் மட்டுமே. பாஸ்பரஸ் கிடைப்பது அரிது என்பதால் செல்லின் உறையில் அதற்குப் பதில் கந்தகம் கொண்ட கொழுப்பைப் பயன்படுத்துகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற நஞ்சை முறிக்கும் நொதியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அந்த வேலையைப் பக்கத்து பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆய்வகத்தில் இதைத் தனியாக வளர்ப்பது பெரும்பாடு என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் இழுக்கும் மூச்சில் பாதி கடல் தந்தது என்பார்கள். உலக ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் நடப்பது உண்மைதான். ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடல்வாழ் உயிர்களே சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. நுண்ணுயிர்களின் உண்மையான வேலை கார்பனைப் பிடித்து உணவுச் சங்கிலியில் ஏற்றுவது. அதில் சிறு பங்கு ஆழ்கடலுக்கு இறங்கி நெடுங்காலம் அங்கேயே தங்கிவிடுகிறது.

சிக்கனத்துக்கு விலையும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, ஆய்வுக் கப்பல்களில் ஓடிக்கொண்டே எண்ணும் சைட்டோமீட்டரைப் பொருத்திப் பல ஆண்டுகள் பசிபிக்கில் அளந்தது. நீரின் வெப்பம் சுமார் 28 டிகிரியைத் தாண்டினால் செல் பிரியும் வேகம் சட்டென்று குறைகிறது என்று 2025-இல் அறிவித்தது. மரபணுக்களைக் கழித்துக்கொண்டே வந்ததில் வெப்பத்தைத் தாங்கும் வழிகளும் போயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வங்கக் கடலின் மேற்பரப்பு ஆண்டில் பல மாதங்கள் அந்த 28-ஐத் தாண்டியே இருக்கிறது. புரோகுளோரோகாக்கஸ் குறையும் இடத்தை உருவில் சற்றே பெரிய சைனகோகாக்கஸ் என்ற பாக்டீரியா பிடிக்கக்கூடும். வெப்பத்தை அது கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதற்குத் தீனியும் கூடுதலாக வேண்டும்.