சந்தையில் நீதி காப்போர்

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. வேற்றூர்ப் பூண்டை அப்பெயரால் ஒருவர் விற்பின், வாங்குவோர் பொருளை இழப்பர்; மலை உழவரோ உழைப்பின் பயனையே இழப்பர்.

இத்தகைய பொய் விளம்பரங்களை ஒடுக்கவென 2020 சூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. அது 10 இலட்சம் ரூபாய் வரையும், குற்றம் தொடரின் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். வணிகர் மறைவிற் கூடி விலை வகுத்தால், 2002ஆம் ஆண்டுச் சட்டவழி அமைந்த இந்தியப் போட்டி ஆணையம் விசாரிக்கும். தனியொருவர் தம் இழப்பிற்கு ஈடுபெற நாடவேண்டியது திண்டுக்கல்லிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே.

ஆணையங்கள் பல இருந்தென்ன? பற்றுச்சீட்டு இன்றி வாங்கியவர் தம் வழக்கை நிறுவுதல் அரிது. ஆகவே, சிறு பொருளாயினும் சீட்டைக் கேட்டுப் பெறுவோம்.