பிக்கப் வண்டியும் பின்வரும் வீடும்

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலாய ஊர்களிலிருந்து கடல் கடந்து கனடாவிற் குடியேறிய நம்மவருட் சிலர், அண்மைக் காலமாகப் புதியதொரு பயணத்தில் நாட்டங் கொண்டுள்ளனர். உண்ணவும் உறங்கவும் வசதி செய்யப்பட்ட சிறு வீடொன்றைச் சக்கரங்களின் மேல் அமைத்து, அதனைப் பிக்கப் வண்டியின் பின்னே கொழுவிக்கொண்டு, கோடை விடுமுறையிற் குடும்பத்தோடு ஏரிக்கரைகளை நாடிச் செல்வதே அது. ஒன்ராறியோ மாகாணத்தில் 1893ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்ற அல்கொன்குயின் பூங்கா போன்ற இடங்களுக்கு இவ்வாறு செல்வோர் பலர். சக்கர வீட்டை அங்கே டிரெயிலர் என்பர்.

நம் தீவகத்தில் அத்தகைய வீட்டிற்கு இடமில்லை. வீதி குறிகட்டுவானில் முடிந்துவிடுகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே வழி. எனினும் விடுமுறைக்கு ஊர் திரும்புவோர் நம்மவரோடு திண்ணையில் அமர்ந்து இப்பேச்சை எடுக்கத் தவறுவதில்லை. அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “எந்தப் பிக்கப் கூட இழுக்கும்?” என்பதாம். அது கேட்கத் தகாத கேள்வியன்று. ஆயின் மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. வண்டி எவ்வளவு சுமக்கும் என்பது முதலாவது. எவ்வாறு நிற்கும் என்பது இரண்டாவது.

தீவகத்தில் மாட்டு வண்டில் ஓட்டிய முதியோர் இதனைப் புத்தகத்திற் படித்தவரல்லர். மூடைகளை அச்சுக்கு முன்னே மிகுதியாக ஏற்றினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுதியாக ஏற்றினால் நுகம் மேலெழுந்து, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களில் அவர்கள் அடக்கிவைத்த அறிவையே இன்றைய எஞ்சினியர்கள் நூற்றுவீதத்திற் கூறுகின்றனர். வட அமெரிக்க வழக்கப்படி, டிரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான பங்கு கொழுவியின் மேல் அமரவேண்டும். அதற்குக் குறைந்தாற் பின்பாரம். வேகமாகச் செல்லும்போது டிரெயிலர் வாலாட்டத் தொடங்கும். அதற்கு மிஞ்சினால் முன்பாரம். பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் நிலத்தைப் பற்றும் வலிமை குன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் காகிதம் எடுத்துக்கொள்ளலாம். 4,000 கிலோ இழுக்கும் என்று விளம்பரஞ் செய்யப்பட்ட பிக்கப் ஒன்று. அது தன்மேற் சுமக்கத்தக்க பாரம் 680 கிலோ. பொருள்கள் ஏற்றிய டிரெயிலரின் நிறை 2,500 கிலோ. விளம்பரத்தை நம்பினால் இன்னும் 1,500 கிலோ இழுக்க இடமுண்டு. இப்போது சுமையைக் கூட்டுக. 2,500 கிலோவில் நூற்றுக்கு 12 பங்கு கொழுவியில் அமர்ந்தால் அது 300 கிலோ. தந்தை, தாய், அப்பாச்சி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் ஆக ஐவர் 350 கிலோ. பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் இரும்புக் கொழுவி 45 கிலோ. பின்தட்டில் அரிசி, சட்டி பானை, ஐஸ் பெட்டி, சைக்கிள்கள் 100 கிலோ. மொத்தம் 795 கிலோ. வண்டியின் அளவை 115 கிலோ மீறிவிட்டோம். அப்பாச்சியை வீட்டில் விட்டுச் சென்றாலுங் கணக்குச் சரிவராது!

இந்தச் சுமையளவு மறைபொருளன்று. கனடாவில் விற்கப்படும் வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், ஆட்களும் பொருள்களுஞ் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டலாகாது என்று ஒட்டப்பட்டிருக்கும் சிட்டையைக் காணலாம். ஒரே பெயர் கொண்ட இரு வண்டிகளிலும் அவ்வெண் வேறுபடும்; ஆடம்பர ஆசனமும் கண்ணாடிக் கூரையும் ஏற ஏற, சுமக்கும் அளவு இறங்கும். விற்பனையாளர் அதனைத் தாமாக எடுத்துக் காட்டுவது அருமை. ஆகவே விலை பேசுமுன் கதவைத் திறந்து நாமே வாசித்தல் வேண்டும்.

விளம்பரத்து இழுவை எண்ணும் பொய்யென்று கூற மாட்டோம். பெருங் கம்பனிகள் பின்பற்றும் பொது விதிமுறையொன்று உண்டு. அரிசோனா மாநிலத்து டேவிஸ் அணைக்கட்டை அடுத்த நெடிய ஏற்றத்தை அளவுகோலாகக் கொண்டு, கொழுத்தும் வெயிலில் எஞ்சின் களைக்காது ஏறுகின்றதா என்று அது பார்க்கிறது. ஆனால் அவ்விதிமுறை வண்டிக்குள் இருத்தும் ஆட்கள் இருவரே; ஆளுக்கு ஏறக்குறைய 68 கிலோ. இருவரோடு புறப்பட்ட தமிழ்க் குடும்பத்தை நாம் இன்னுங் காணவில்லை.

இனி நிறுத்தும் விடயம். 1990களிற் பொருளாதாரத் தடையின்போது ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய யாழ்ப்பாணத்தார்க்கு எஞ்சினைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிறேக்கைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல நாம் துணியோம். பின்னே வரும் பாரம் முன்னே செல்லும் வண்டியை என்ன செய்யும் என்பதை அறிய, நம்மூர் லான்ட்மாஸ்டரைப் பார்த்தாற் போதும். சமதரையில் அதன் இடக்கைப் பிடியை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திற் பெட்டி பின்னின்று தள்ளும்போது அதே பிடியை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும்! அழுத்திய பக்கத்துச் சக்கரம் தடையின்றி உருள, மற்றச் சக்கரத்தை எஞ்சின் பிடித்துக்கொள்வதே காரணம். இழுக்கப்படுவதாக நாம் எண்ணும் பெட்டி அவ்வேளையில் தள்ளுவதாக மாறிவிடுகிறது.

ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் மொத்த நிறையுள்ள டிரெயிலருக்குத் தனிப் பிறேக் இருத்தல் சட்டம். பிரித்தானியாவிலுள்ள உறவினர்க்கு எல்லை இன்னுங் கீழே: 750 கிலோவுக்கு மேற்பட்டதைப் பிறேக் இன்றி இழுத்தலாகாது. சட்டம் ஒருபுறமிருக்க, ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் டிரெயிலர் பிறேக்கை மட்டும் தனியே இயக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளதா, கொழுவி கழன்றால் டிரெயிலர் தானே பிறேக் பிடிக்கக் கம்பி இணைக்கப்பட்டுள்ளதா, காப்புச் சங்கிலிகள் இரண்டும் கொழுவிக்குக் கீழே குறுக்காக மாட்டப்பட்டுள்ளனவா என்பனவற்றை வண்டி வாங்கும் நாளிலேயே பார்த்தல் நன்று.

சோழகம் வீசும் மாதங்களிற் பண்ணைத் தாம்போதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டியோர், பக்கக் காற்று எத்தகையதென்று அறிவர். டிரெயிலரின் உயர்ந்த தட்டைச் சுவர் ஒரு பாய்மரத்துக்கு நிகர். நெடுஞ்சாலையிற் பெரிய லொறியொன்று கடந்து செல்லும்போதும் அதே உதைப்பு உண்டாகும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் கூடிய பிக்கப் இதனை நன்கு தாங்கும். ஆகவேதான் குறுகிய வண்டியை, அதன் எஞ்சின் எத்துணை வலியதாயினும், நாம் பரிந்துரைப்பதில்லை. டிரெயிலர் ஆடத் தொடங்கினால் பிக்கப்பின் பிறேக்கை மிதித்தலும், வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை அடக்க முயல்தலும் ஆபத்து. ஸ்டியரிங்கை நேரே பிடித்து, வேகமிதியிலிருந்து காலை எடுத்து, டிரெயிலர் பிறேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்கவேண்டும். இதனைக் குடும்பத்தில் வண்டி ஓட்டும் அனைவரும் மனனஞ் செய்தல் அவசியம்.

ஆயின் எதனை வாங்குவது? முதலில் டிரெயிலரைத் தீர்மானித்து, அதன் பின்னரே பிக்கப்பைத் தேடுக. டிரெயிலரின் வெற்று நிறையைப் பாராது, தகட்டிற் குறித்த உச்ச நிறையைக் கணக்கில் எடுக்க. 150 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் அதுவே 150 கிலோ. கணக்கு மீறுமாயின் வழி இரண்டு. ஒன்று, அடுத்த பெரிய வகைப் பிக்கப்பை வாங்குதல். அது விலை கூடியது, வருடத்தில் இருபது நாள் டிரெயிலர் இழுப்பதற்காக எஞ்சிய நாளெல்லாம் வேலைக்கும் கடைக்கும் முரட்டு வண்டியில் போகவேண்டும். மற்றது, சிறிய டிரெயிலரை வாங்குதல். நம் ஓட்டு இரண்டாவதற்கே. பிள்ளைகள் வெளியே கூடாரத்தில் உறங்குவதை ஒரு குறையாகவே கருதமாட்டார்கள்.

எரிபொருட் செலவைப் பற்றியும் ஒரு சொல்: உயர்ந்த டிரெயிலரை இழுக்கும்போது அது ஏறக்குறைய இரட்டிக்கும். மின்சாரப் பிக்கப் ஆயின் ஒருமுறை ஏற்றிய மின்சாரத்திற் செல்லும் தூரம் பாதியளவாகலாம்.

பின்னோக்கிச் செலுத்துவது பலருக்கும் அச்சமூட்டும். ஸ்டியரிங்கை மேலே பிடிக்காது கீழ்ப்புறத்திற் பிடித்து, டிரெயிலர் எப்பக்கம் போகவேண்டுமோ அப்பக்கமே கையை நகர்த்தினால் குழப்பம் வராது. பள்ளி விடுமுறை தொடங்குமுன், வெறுமையான ஒரு வாகனத் தரிப்பிடத்தில், பின்னே நின்று வழிகாட்ட ஒருவரை வைத்துக்கொண்டு பழக இரண்டு மாலைப் பொழுதுகள் போதும்.