எமக்கேற்ற கணிகருவி யாது?

மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பெருக்கலும் வகுத்தலும் செய்து பழகியோர் எம் பழைய மாணவருள் இன்றும் பலருளர். 1614ஆம் ஆண்டில் யோன் நேப்பியர் வெளியிட்ட மடக்கை முறை, பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித் தந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்ற அதன் ஆட்சி, 1972இல் ஹியூலெற் பக்காட் நிறுவனம் சட்டைப்பையில் அடங்கும் விஞ்ஞானக் கணிகருவியை விற்பனைக்கு விட்டதும் தளரலாயிற்று. அன்று அதன் விலை 395 அமெரிக்க டொலர். இன்றோ மாணவரின் புத்தகப்பையிலும் கடைக்காரரின் மேசையிலும் கணிகருவி உண்டு. ஆதலின், கருவி கிடைக்குமா என்பதன்று இன்றைய வினா; எத்தொழிலுக்கு எக்கருவி ஏற்றது என்பதேயாம். சாவிகள் மிகுந்ததே சிறந்தது என்னும் எண்ணம் பொருந்தாது.

கணிகருவிகளை மூவகையாக வகுத்துக் கொள்ளலாம். முதலாவது, நான்கு செய்கைகளுடன் நூற்றுவீதம், வர்க்கமூலம், நினைவகம் ஆகியவற்றையுடைய எளிய கருவி. வீட்டுச் செலவுக்கும் சிறு கடைக்கும் இது போதும். எனினும், இவ்வகையிற் பெரும்பாலானவை நாம் அழுத்திய ஒழுங்கிலேயே கணிப்பன. 250 ரூபாவுக்கு ஒரு நூலும், 120 ரூபா வீதம் மூன்று கொப்பிகளும் வாங்கிய ஒருவர் 250 + 3 × 120 என அழுத்தின் 30,360 என்னும் விடை தோன்றும். செலுத்த வேண்டிய தொகையோ 610 ரூபாவே. கருவி பழுதன்று, அது முதலிற் கூட்டிப் பின்னர்ப் பெருக்கியது. 3 × 120 என்பதை முதலில் அழுத்தி அதனுடன் 250ஐக் கூட்டினால் இவ்விடர் இல்லை.

இரண்டாவது, கணக்காளர்க்குரிய மேசைக் கருவி. இதில் நோக்க வேண்டியது இலக்கங்களின் தொகையாகும். 8 இலக்கக் கருவி சதத்துடன் காட்டக்கூடிய மிகப் பெரிய தொகை 999,999 ரூபா 99 சதம். தொகை பத்து இலட்சத்தை எட்டின் சதத்துக்கு முழு இடமில்லை. 12 இலக்கக் கருவியோ ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபா வரை சதத்துடன் காட்டும். சங்கங்களின் தனாதிகாரிகளுக்கு இதுவே தகும். பெரிய சாவிகளும், தசமதானங்களை நிலைப்படுத்தும் வசதியும் இருத்தல் நன்று.

மூன்றாவது விஞ்ஞானக் கருவி. இது பெருக்கலை முதலிலும் கூட்டலைப் பின்னரும் செய்யும். வலு, மடக்கை, திரிகோண கணித விகிதங்கள் என்பவற்றையும் தரும். மாணவர்க்கே உரியது என இதனை ஒதுக்குதல் தகாது. ஓர் இலட்சம் ரூபாவை மாதம் 2 வீத வட்டிக்குப் பெற்று, பன்னிரு சம தவணைகளில் தீர்ப்பதாகக் கொள்வோம். முழு முதலுக்கும் ஆண்டு முழுவதும் வட்டி கணிப்பின் வட்டி 24,000 ரூபா. தவணை 10,333 ரூபா. எஞ்சிய முதலுக்கு மட்டுமே வட்டி கணிப்பின் தவணை 9,456 ரூபா. மொத்த வட்டி ஏறத்தாழ 13,470 ரூபா. இரண்டையும் 2 வீதம் என்றே கூறுவர்! இரண்டாவது தவணையை அறிய, 1.02இன் பன்னிரண்டாம் வலுவைக் கண்டு, அதன் நிகர்மாற்றை 1இலிருந்து கழித்து, வரும் எண்ணால் 2,000ஐ வகுத்தல் வேண்டும். வலுச் சாவியுள்ள கருவியில் இது ஒரு நிமிட வேலை. கடன் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் இக்கணக்கைச் செய்து பார்ப்பவர், தம்மிடம் கேட்கப்படும் பதினாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட வேறுபாட்டை அறிந்து கொள்வர்.

கைத்தொலைபேசியிலும் கணிகருவி உண்டே எனின், அவசரத் தேவைக்கு அது உதவும். பரீட்சை மண்டபத்திலோ அதற்கு இடமில்லை. மாணவர் தத்தம் பரீட்சை விதிகளைப் பார்த்த பின்னரே கருவி வாங்குதல் வேண்டும்.

விலை கொடுக்குமுன் கடையிலேயே சில கணக்குகளைச் செய்து பார்த்தல் நலம். 2 + 3 × 4 என அழுத்துக. 14 எனின் அது செய்கை ஒழுங்கை அறிந்த கருவி. 20 எனின் அழுத்திய ஒழுங்கிற் செல்வது. எளிய கருவியில் 500உடன் 10 வீதத்தைக் கூட்டுக. பல கருவிகள் 550 எனக் காட்டும், சில 555.55 எனக் காட்டும். பின்னவை, விற்பனை விலையில் 10 வீதம் இலாபமாகுமாறு விலையைக் கணிப்பன. வணிகர்க்கு அது பயன்படும். அறியாதார்க்கு இடர் தரும். விஞ்ஞானக் கருவியில் சைன் 30 என அழுத்துக. 0.5 வரின் பாகையில் உள்ளது; –0.988 வரின் ஆரையனில் உள்ளது.

எக்கருவியை வாங்கினும், விடை எவ்வளவினதாக இருக்கும் என்பதை முன்னரே மனத்தால் மதிப்பிடும் பழக்கத்தைக் கைவிடலாகாது. 610 ரூபா கொடுக்க வேண்டியவரிடம் 30,360 ரூபா கேட்கக் கருவி கூசுவதில்லை. கூச வேண்டியது அதனை அழுத்தும் நம் அறிவே.